ஆரஞ்சு ஸ்பாஞ்சும் இரண்டாம் வரியும்

முதலில் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், பிறகு ஹெட்போனைத் தலையில் மாட்ட வேண்டும், பிறகு கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் கண்ணாடிக் கால் ஸ்பாஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு பாளை மார்க்கெட் போய்ச் சேரும் வரை பொட்டில் குத்தும், இது போன வாரம் கற்றுக்கொண்ட பாடம். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, சனிக்கிழமை மத்தியான வெயில் முழங்கையில் விழுகிறது, டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நிற்கிறார், அவர் வருவதற்குள் ஒரு தடவையாவது இரண்டாம் வரியைக் கேட்டுவிடலாம். தலைக்கு மேல் வளைகிற கம்பியை இழுத்தால் டிக் டிக்கென்று நீளுகிறது, விட்டால் சுருங்குகிறது, சுருங்கும்போது நாலு முடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறது. நாற்பத்தெட்டு வயதில் தலையில் மிச்சமிருப்பதெல்லாம் எனக்கு வேண்டிய முடி, இதற்கு வேறு கப்பம் கட்ட முடியுமா? ஆனாலும் ஸ்பாஞ்சு கம்மல் மேல் பட்டும் படாமலும் எப்படி உட்காருகிறது பார், அதற்காக மன்னித்துவிடலாம். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக, எங்கள் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் ஸ்டாம்பு நனைக்க வைத்திருக்கிற ஸ்பாஞ்சை எடுத்து யாரோ காதில் ஒட்டியது போல. வியர்த்தால் அரிக்கும். இப்போதே இடது காது அரிக்கிறது. கண்டக்டர் தம்பி டிக்கெட் கொடுக்க வந்தவன் நின்று பார்க்கிறான். “யக்கா, என்னதுக்கா இது, பழைய காலத்து ரேடியோ ஸ்டேஷன்ல மாட்டிருப்பாங்களே அது மாரி இருக்கு.” புதுசுதான், பழசு மாதிரி செய்து விற்கிறார்கள் என்றேன். “பழசு மாரி புதுசா? அதுக்குப் பழசையே வாங்கிருக்கலாம்லா?” என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். நியாயமான கேள்வி.

காதுக்குள் தானியேல் ஆசீர்வாதம் சார் தொண்டையைச் செருமுகிறார். எங்கள் சர்ச் பாட்டுக் குழுவின் கொயர் மாஸ்டர். ஆள் ஆறடி, குரல் கிணற்றுக்குள் இருந்து வரும், ஆனால் எங்களுக்காகக் குரலை ஒடுக்கிப் பெண் குரலாக்கி, ஆல்டோவைத் தனியாகப் பாடிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்புவார். சோப்ரானோவுக்கு ஒன்று, ஆல்டோவுக்கு ஒன்று, டெனருக்கு ஒன்று, பேஸுக்கு மட்டும் சொந்தக் குரல். நாலு பாகம் சேர்ந்துதான் பாட்டு. சோப்ரானோ பாடுவது ராகம், ஊர் உலகத்துக்கே தெரிந்தது, குழந்தைகள் முணுமுணுப்பது. ஆல்டோ அதற்குக் கீழே போவது. அதை யாரும் முணுமுணுப்பதில்லை. பாதி நேரம் டோ ரே மீ ஃபா சோவில் ‘சோ’ என்ற ஒரே ஸ்வரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சோ சோ சோ சோ, நடுவில் ஒரு ஃபா, திரும்பவும் சோ, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி. கேட்கிறவர்களுக்கு ஆல்டோ இருப்பதே தெரியாது. பாவாடை நாடா இருப்பது யாருக்குத் தெரிகிறது, ஆனால் அது இல்லாமல் இரண்டு எட்டு நடந்து பார்க்கட்டும். இந்த உவமையை ஒரு தடவை சாரிடமே சொல்லப் போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சரி, பாட்டைக் கேள். முதல் வரி முடிந்துவிட்டது. இதோ இரண்டாம் வரி, இதோ அந்த மேடு. ராகம் சோவில் தொடங்கி மேல் டோவுக்குப் படபடவென்று ஏறும். ஆல்டோ ஏறக் கூடாது. இருந்த இடத்தில் இருந்து, பிறகு மெதுவாகக் கீழே மீ வரை இறங்க வேண்டும். சார் இறங்குகிறார். நானும் மனசுக்குள் இறங்குகிறேன். மனசுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வாயைத் திறந்தால்தானே சங்கதி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பயிற்சியில் என்ன நடந்தது? நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்று நினைப்பதும் நினைப்புதான், நினைத்துத் தொலை. விளைச்சலைக் காணிக்கையாக வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு அன்று ஒரே வாரம்தான் மிச்சம். ஆல்டோவில் மூன்று பேர் இருந்தோம். ஜாஸ்மினுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பெனிட்டாவின் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி மாற்றல். பெனிட்டா என் வலது பக்கம் நிற்பாள், அவள் குரல் என் காதில் விழும், நான் அதைப் பிடித்துக்கொண்டு போவேன், பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நடப்பது போல. இப்போது சுவர் தூத்துக்குடிக்குப் போய்விட்டது. பன்னிரண்டு சோப்ரானோ, நான் ஒருத்தி ஆல்டோ. இரண்டாம் வரி வந்தது, பன்னிரண்டு பேரும் மேட்டில் ஏறினார்கள், நானும் கூடவே ஏறிவிட்டேன். திரும்பப் பாடினோம், திரும்ப ஏறினேன். தெரியாத பாட்டென்றால்கூடப் பிழைத்துக்கொள்வேன், இது தொட்டிலில் கேட்ட பாட்டு, வாய் தானாகப் போகிறது. மூன்றாம் தடவை சார் கையை நிறுத்திவிட்டார். “எமிமா, சனிக்கிழம பாப்போம். அன்னைக்கும் நிக்கலன்னா ஆல்டோவ எடுத்துட்டு மூணு பாகமா படிச்சிருவோம். நீங்க சோப்ரானோல நின்னுக்கிடுங்க.” கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபப்படத் தெரியாது. உடனே ரூபி மைனி, சோப்ரானோவின் தலைவி, என் ஒன்றுவிட்ட அண்ணனுடைய மனைவி, பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “வா எமிமா, இங்கன ஒரு சேர் கெடக்கு.” எவ்வளவு அன்பான சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஒரு டப்பாவில் போட்டு மூடி பரணில் வைக்க வேண்டும். சோப்ரானோவின் மேல் ஸ்வரமெல்லாம் எனக்கு எட்டாது, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெள்ளைச் சேலை உடுத்தி, எல்லாருக்கும் முன்னால், மீன் மாதிரி. அதற்கு நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். உட்காரவும் முடியாது. பாடாமல் நான் என்ன செய்வேன்? வாரம் முழுக்க மணியார்டர், பதிவுத் தபால், ‘உள்ள வாங்க’, ‘வரிசைல வாங்க’, சனிக்கிழமை ஆனால்தான் எனக்கென்று ஒரு குரல் இருக்கிறது என்றே ஞாபகம் வருகிறது. அன்று ராத்திரி சோறு பிசையும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் செல்வசிங் நம்பவில்லை. மோர்ச் சோற்றில் ஏது மிளகாய்.

டிரைவர் ஏறிவிட்டார். பஸ் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்புகிறது, ஹெட்போன் எண்ணெய்த் தலையில் ஒரு விரல் அளவு பின்னால் வழுக்குகிறது, இழுத்து விட்டுக்கொள்கிறேன். பையன் வாங்கி அனுப்பியது இப்படியெல்லாம் வழுக்காது. ஓசூரில் வேலை பார்க்கிற என் மகன் ஜோயல் என் பிறந்தநாளுக்கு ஒன்று அனுப்பினான், கன்னங்கரேலென்று, இரண்டு வடைச்சட்டியைக் காதில் கவிழ்த்த மாதிரி. போட்டால் உலகமே கிடையாது. மிக்சி ஓடுவது தெரியாது, மழை பெய்தால் தெரியாது. ஆசீர்வாதம் சார் மட்டும் மண்டைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவார். அதில் கேட்காத சத்தம் இல்லை. அவர் மூச்சு வாங்குவது, நாற்காலி கிரீச்சிடுவது, பின்னால் அவர் வீட்டம்மா “தேங்கா அரைக்கணுமா, துருவினாப் போதுமா?” என்று கேட்பது, சார் பாடிக்கொண்டே கையால் ஏதோ சைகை காட்டியிருப்பார் போல, “சரி, அரைச்சிருதேன்” என்பது வரை. அதைப் போட்டுக்கொண்டு அடுக்களையில் நான் ஆல்டோ பாடினால் தப்பே வராது. எப்படி வரும்? எதிர்த்துப் பாட யாருமே இல்லையே. ஆனால் கம்மல் திருகாணி கழுத்துக்குள் இறங்குகிற மாதிரி அமுக்கும், கால் மணி நேரத்தில் காது இரண்டும் வெந்துவிடும். ஒரு நாள் செல்வசிங் ஈபி ஆபீஸில் இருந்து வந்து வாசலில் நின்று காலிங்பெல் அடித்திருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார், போன் பண்ணியிருக்கிறார், கடைசியில் மதில் ஏறிக் குதித்துப் பின்பக்கமாக வந்து அடுக்களை ஜன்னலில் நின்று கையை ஆட்டினார். நான் பயந்து கரண்டியைப் போட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. வேட்டியில் மதில் சுண்ணாம்பு. “உள்ளுக்குள்ள நீ அப்பிடி என்னத்தத்தான் கேக்க?” என்றார்.

நாலு நாள் கழித்து இந்த ஆரஞ்சு வந்து சேர்ந்தது. மனிதர் போனில் தேடித் தேடி இருப்பதிலேயே மலிவாக ஒன்றைப் பிடித்திருக்கிறார், அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். “இதுல காலிங்பெல் நல்லாக் கேக்கும். பாட்டு கேக்குமான்னுதான் தெரியல.” பாட்டும் கேட்கிறது, ஒரு மாதிரியாக. அடிக்குரல் என்ற சங்கதியே இதற்குத் தெரியாது. பேஸ் பாகத்தைப் போட்டால் யாரோ அடுத்த தெருவில் பெட்டி நகர்த்துவது போல இருக்கும். உச்சியிலும் ஒன்றும் கிடையாது, தாளத்தட்டு அடித்தால் ரவை வறுக்கிற சத்தம். மேலும் கீழும் வெட்டிப் போட்டால் நடுத்துண்டு மட்டும் மிச்சம், அந்த நடுத்துண்டில்தான் ஆல்டோ குடியிருக்கிறது. ஐயோ, அது எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள், யாரிடம் சொல்கிறேன், யாரிடமும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், மலிவான சாமானில் என் பாகத்துக்கு மட்டும் மரியாதை. ஜோயலிடம் சொன்னால் சிரிக்கிறான். “அம்மா, அதுல சவுண்ட் குவாலிட்டியே கெடையாதும்மா.” இருக்கட்டும்டா. ஓட்டையாக இருப்பதுதான் இதன் குணம். வெளியில் இருப்பதெல்லாம் உள்ளே வருகிறது. இந்த வாரம் முழுக்க மிக்சிக்கு எதிராகப் பாடினேன், குக்கர் விசிலுக்கு எதிராகப் பாடினேன், தண்ணீர் லாரி ஹாரனுக்கு எதிராகப் பாடினேன். அவற்றுக்கெல்லாம் நிற்கிறேன். மிக்சிக்கு என்ன, அது மேட்டில் ஏறாது. மனிதக் குரல்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது தலைக்கு மேல் பஸ் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிட்டது. மினி பஸ்ஸில் பாட்டு இல்லாமல் சக்கரம் சுற்றாது போல. கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, ஜன்னல் கண்ணாடி கூடவே ஆடுகிறது. நல்லது, பாடு, நானும் பாடுகிறேன், யாருக்குக் கேட்கப் போகிறது. சோ சோ சோ சோ. முன் சீட்டில் ஒருவர் தேங்காய் எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறார். முதல் வரி. உதட்டை அசைத்துச் சத்தம் வெளியே வராமல் பாடுகிறேன், ஸ்பீக்கரில் ஒரு பெண் கீச்சென்று ஏறுகிறாள், நான் இங்கே இரண்டாம் வரிக்கு வந்துவிட்டேன், மேடு, இரு, இரு, போகாதே, அவள் மேலே போகிறாள், நானும், ச்சே. வேறு பாட்டு, வேறு தாளம், அதற்குக்கூடவா பின்னாலேயே போவது? எவள் கூப்பிட்டாலும் போகிற குரல். திரும்பப் போடு. சார் செருமுகிறார். ஒருவேளை ஆசீர்வாதம் சார் சொன்னதுதான் சரியோ? மூன்று பாகமாகப் பாடினால் சபையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. காணிக்கைப் பூசணிக்காயைப் பார்ப்பார்களா, ஆல்டோவைத் தேடுவார்களா? யாருக்கும் தெரியாத ஒன்றுக்காக நான் இப்படிப் பேயாய் அலைகிறேன். எனக்குத் தெரியுமே. நாலு குரலும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் நெஞ்செலும்பு கிர்ரென்று அதிரும், அது பெஞ்சில் உட்கார்ந்தால் கிடைக்காது, ராகம் பாடினாலும் கிடைக்காது, நடுவில் நின்றால்தான் கிடைக்கும். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மாட்டேன் என்று சொன்னால் ஆயிற்றா? இன்று பயிற்சியில் இரண்டாம் வரி நிற்க வேண்டுமே.

நிறுத்தத்தில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்காருகிறார். தலையை மூடிய வெள்ளைத் துப்பட்டி, கையில் ஜவுளிக்கடைப் பை, அறுபது வயது இருக்கும், அத்தர் வாசனை. ஏதோ கல்யாண வீடு. என்னைப் பார்த்து, என் தலையைப் பார்த்து, மரியாதையாக எதிர்ப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். அப்போதுதான் ஸ்பீக்கரில் பாட்டு அறுந்து, பஸ் முழுக்க ஒரு பெண் குரல் கேட்கிறது: “எங்க இருக்கிய? கேஸு தீந்துட்டு, எத்தன மட்டம் சொல்ல?” டிரைவரின் போனில் இருந்துதான் பாட்டு ஓடுகிறதாம், வீட்டில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. டிரைவர் அவசரமாக எதையோ அமுக்கிவிட்டு, ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். கண்டக்டர் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான். எண்ணெய் டின்காரர்கூட விழித்துக்கொண்டார். பஸ் ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் என் காதில் இருந்து ஆசீர்வாதம் சாரின் பெண் குரல் கசிந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, பக்கத்து அம்மா தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. “ஏம்மா, உன் காதுல ஓடுத வார்த்தையக் கேட்டா, எனக்குத் தெரிஞ்ச பாட்டுல்லா. நான் இங்கன மிஷன் ஸ்கூல்லதான் பத்து வர படிச்சேன். தெனமும் காலைல பிரேயர்ல இதான்.” வெட்கமாகப் போய்விட்டது, சத்தத்தைக் குறைக்கப் போனேன். “இருக்கட்டும், இருக்கட்டும். எத்தன வருசமாச்சு. ஒரு வார்த்த மறக்கல பாரு.” சொல்லிக்கொண்டே அவர் பாட ஆரம்பித்துவிட்டார்.

என்ன குரல். கொஞ்சம் உடைந்தது, ஆனால் நேராக வருகிறது, ராகத்தை அப்படியே, வரிசையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பாடுகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு நெளிவு இல்லாமல். ஜவுளிப் பையைத் தட்டித் தாளம் போடுகிறார். ஒரு காதில் அவர், இரண்டு காதிலும் சார், நான் நடுவில். எனக்கு வாய் திறந்துவிட்டது, எப்போது திறந்தது? வாயில் வார்த்தை, மனசில் சோ சோ சோ சோ. தணிந்த குரல்தான், ஆனால் வெளியே கேட்கிற குரல், உதட்டளவில் இல்லை. முதல் வரி போயிற்று. பயமாக இருக்கிறது. இவர் ஒருவர் குரலே என்னை இழுக்கிறது, பன்னிரண்டு பேர் நின்றால் நான் என்ன ஆவேன்? இதோ வருகிறது, மேடு வருகிறது, அவர் மூச்சு இழுக்கிறார், கண்ணை மூடிக்கொள்கிறார், வேகத்தடை, பஸ் தூக்கிப் போடுகிறது, அவர் ஏறுகிறார், ஏறிக்கொண்டே போகிறார், போங்கள், நான் வரவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன், சோ, இது என் இடம், சோ, ஃபா, இறங்கு, மெதுவாக, மீ. மீ! அவர் உச்சியில் நிற்கிறார், நான் கீழே நிற்கிறேன், நடுவில் ஒரு வெளி, அந்த வெளியில் நெஞ்செலும்பு கிர்ரென்கிறது. மினி பஸ்ஸில்! மூன்றாம் வரி, விடாதே, நாலாம் வரி, கழுத்தில் என்னவோ எறும்பு மாதிரி குறுகுறுக்கிறது, கையை வைத்துப் பார்த்தால் ஹெட்போன். வேகத்தடையில் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. காதில் சார் இல்லை. எப்போதிருந்து இல்லை? அப்படியென்றால் இறங்கினது யார், நான்தானா? இரண்டு சரணம் பாடினோம். இரண்டாம் சரணத்தில் கழுத்தில் கிடந்ததைத் தொடவேயில்லை. மேடு வந்தது, அவர் போனார், நான் நின்றேன்.

பாட்டு முடிந்தது. கண்டக்டர் தம்பி சமாதானபுரம் என்று கத்துகிறான், நாலு பேர் இறங்குகிறார்கள், எண்ணெய் டின்காரர் எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். எனக்கு இந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை, கழற்றித் துடைத்துக்கொள்கிறேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னவோ சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற பார்வை. முகத்தில் இரக்கம். கடைசியில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மெல்லிய குரலில், என் மனம் நோகக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறார்.

“ஏம்மா, தப்பா எடுத்துக்கிடாத. வார்த்தையெல்லாம் சரியாச் சொல்லுத. ராகந்தான் ஒரு இடத்துலகூடச் சேரல. நான் ஒரு பக்கம் போறேன், நீ வேற எங்கயோ போற. மேல போற எடத்துல நான் அம்புட்டு சத்தமாப் பிடிச்சிக் குடுத்தும் நீ ஏறவே மாட்டேங்க. காதுல மாட்டிக் கேட்டும் வரலியே உனக்கு.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் பிறவியில் இப்படி ஒரு நற்சான்று யாரும் கொடுத்ததில்லை, ஆசீர்வாதம் சாரே கொடுத்ததில்லை. ரூபி மைனி, கைப்பையை எடுத்துத் திரும்ப அந்த நாற்காலியிலேயே வைத்துக்கொள்.

“ஆமாக்கா, ஒரு இடத்துலகூடச் சேரலையா? நல்லாப் பாத்தியளா?”

“எங்கயும் சேரல” என்றார் அவர், வருத்தத்தோடு என் கையைத் தட்டிக்கொடுத்து. “அதுக்காக விட்டுராத. படிச்சிக்கிட்டே இரு, வந்துரும்.”